லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்? கார்க்காரர் சொல்லும் கணக்கை நம்பலாமா?

தெருவுக்குப் புதுக் கார் ஒன்று வந்துவிட்டால் போதும். உடனே கூட்டம் கூடிவிடும். "என்ன விலை?" என்பது முதல் கேள்வி. "எவ்வளவு கொடுக்குது?" என்பது இரண்டாவது கேள்வி.

கார் என்ன கொடுக்கும்? ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்பதைத்தான் அப்படிக் கேட்கிறார்கள். இதற்கு "மைலேஜ்" என்று பெயர். மைல் கணக்கு நம் நாட்டை விட்டுப் போய் அறுபது ஆண்டுகள் ஆகிவிட்டன. மைல் கல்லில்கூட இப்போது கிலோமீட்டர்தான் எழுதியிருக்கிறது. ஆனால் இந்தச் சொல் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை!

கடலூர் மாவட்டம் பண்ருட்டி வட்டத்தில் அண்ணாகிராமம் இருக்கிறது. அங்கே ஒருவர் கடன் வாங்கி, வாடகைக்கு விடுவதற்காகக் கார் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாங்குவதற்கு முன் அதே கார் வைத்திருக்கும் ஒருவரிடம் போய்க் கேட்கிறார்.

"என்ன மாமா, வண்டி எவ்வளவு கொடுக்குது?"

"இருபது கொடுக்குதுப்பா. தாராளமா எடுக்கலாம்."

அந்த ஒரு வார்த்தையை நம்பி அவர் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார். மாதம் 2,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார். லிட்டருக்கு 20 கிடைத்தால் 100 லிட்டர் போதும். ஆனால் உண்மையில் 15தான் கிடைக்கிறது என்றால் 133 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால்கூட மாதம் 3,300 ரூபாய் அதிகச் செலவு. வருஷத்துக்கு ஏறத்தாழ 40,000 ரூபாய்! பிள்ளையின் பள்ளிக் கட்டணம் அதில் போய்விடும்.

மாமா பொய் சொன்னாரா? இல்லை. பெரும்பாலும் யாரும் பொய் சொல்வதில்லை. தாங்கள் சொல்வது உண்மை என்று நம்பித்தான் சொல்கிறார்கள். சங்கடமே அங்கேதான் இருக்கிறது.

ஓடும், ஆனால் நகராது!

மாமா சொன்னதை விடுங்கள். கார்க் கம்பெனி ஒரு எண் சொல்கிறதே, அது எங்கிருந்து வருகிறது?

புனா நகரில் இந்திய மோட்டார் ஆராய்ச்சிச் சங்கம் இருக்கிறது. ஏ.ஆர்.ஏ.ஐ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். கார்களைச் சோதித்துச் சான்று வழங்கும் நிலையங்களில் இதுதான் பேர்பெற்றது.

சோதனை எப்படி நடக்கிறது தெரியுமா? காரைச் சாலைக்கே கொண்டுபோவதில்லை! ஒரு கூடத்துக்குள் உருளைகளின் மேல் நிறுத்துகிறார்கள். சக்கரம் சுற்றும், உருளையும் சுற்றும், கார் இருந்த இடத்திலேயே இருக்கும். எந்த வினாடியில் எந்த வேகம் என்று முன்கூட்டியே அட்டவணை போட்டிருக்கிறார்கள். 1,180 வினாடி, அதாவது இருபது நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. சுமார் பத்தரை கிலோமீட்டர் ஓட்டம். மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல் வேகம் போவதில்லை. குளிர்சாதனத்தைப் போடுவதில்லை.

பெட்ரோலையும் குவளையில் ஊற்றி அளப்பதில்லை. புகைக்குழாயில் வரும் புகையைப் பிடித்து, அதில் கரி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறார்கள். அதை வைத்து எவ்வளவு பெட்ரோல் எரிந்தது என்று கணக்கிட்டுவிடுகிறார்கள். மிக நுட்பமான வேலை. இதைக் குறை சொல்ல முடியாது. இந்தக் காரையும் அந்தக் காரையும் ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட ஒழுங்கான வழி கிடையாது.

ஆனால் பண்ருட்டியிலிருந்து கடலூருக்குப் போகும் சாலை அந்தக் கூடத்துக்குள் இல்லையே! நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர் முன்னால் ஊர்ந்து போகும். அதன் பின்னால் இரண்டாவது கியரில் கார் போக வேண்டும். சித்திரை மாதத்து வெயிலில் குளிர்சாதனம் போடாமல் உட்கார முடியுமா? பின் ஸீட்டில் நான்கு பேர், டிக்கியில் இரண்டு பலாப்பழம். இத்தனையும் பெட்ரோலைக் குடிக்கும்.

ஆகவே கம்பெனி சொல்லும் எண் ஒழுங்கான எண்தான். நம் ஊர் எண் அல்ல. நம் ஊர் எண்ணைச் சொல்ல ஓட்டுகிறவரால்தான் முடியும். அவரோ சரியாகக் கணக்குப் பார்ப்பதில்லை!

நினைவில் நிற்பது எது?

ஒரு கார்க்காரரை "எவ்வளவு கொடுக்குது?" என்று கேட்டால் அவருக்கு எந்தப் பயணம் நினைவுக்கு வரும்? விடியற்காலையில் சிதம்பரம் போனாரே, அந்தப் பயணம்தான் நினைவுக்கு வரும். சாலை காலி. சமதரை. ஒரே சீரான வேகம். அன்று 20 கிடைத்தது. அதை அவர் மறக்கமாட்டார். கடைத்தெருவில் அரை மணி நேரம் என்ஜினை நிறுத்தாமல் காத்திருந்தாரே, அது நினைவில் இருக்காது.

பெருமையும் சேர்ந்துகொள்ளும். சொந்தப் பணம் போட்டு வாங்கிய காரை யார் குறைத்துச் சொல்வார்கள்? இதற்கு நேர்மாறான ஆளும் உண்டு. கம்பெனியோடு ஒருமுறை சண்டை போட்டவராக இருந்தால் 15 கொடுக்கும் காரை 12 என்பார்.

"காரே கணக்குக் காட்டுகிறதே!" என்று சிலர் சொல்வார்கள். ஆமாம், புதுக் கார்களில் ஸ்டியரிங்குக்கு முன்னால் சராசரி மைலேஜ் தெரிகிறது. ஆனால் அது பெட்ரோலை நேராக அளந்த கணக்கு அல்ல. என்ஜினுக்குள் எத்தனை முறை, எவ்வளவு நேரம் பெட்ரோல் பீய்ச்சப்பட்டது என்பதிலிருந்து கணக்கிட்டுக் காட்டுவது. பல கார்களில் அது உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும்.

பெட்ரோல் போடும்போது வரும் குழப்பம் இன்னும் பெரிது. "ஆயிரம் ரூபாய்க்குப் போடு" என்கிறார் ஒருவர். முள் எங்கே நின்றதோ அங்கே மறுபடி வரும்வரை ஓட்டுகிறார். கிலோமீட்டரை லிட்டரால் வகுக்கிறார். ஆனால் முள் ஒரு தராசு அல்ல. மேட்டில் நின்றால் ஓரிடம் காட்டும். பள்ளத்தில் நின்றால் வேறிடம் காட்டும்.

ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். 340 கிலோமீட்டர் ஓடியாயிற்று. 20 லிட்டர் பிடித்தது என்றால் லிட்டருக்கு 17. டேங்கை நிரப்பும்போது ஒரு லிட்டர் குறைவாக ஊற்றியிருந்தால் 19 லிட்டர் என்று வரும். மைலேஜ் ஏறத்தாழ 18 ஆகிவிடும். ஒரு லிட்டர் அதிகமாக ஊற்றினால் 16 சொச்சம். கார் ஒன்றே, சாலை ஒன்றே, ஓட்டியவரும் ஒருவரே. ஆனால் ஒரு லிட்டர் வித்தியாசத்தில் 16 என்றும் சொல்லலாம், 18 என்றும் சொல்லலாம்!

படித்தவர்களும் ஏமாறும் ஓர் இடம் இருக்கிறது. போகும்போது 40 கிலோமீட்டர், லிட்டருக்கு 20. வரும்போது அதே 40 கிலோமீட்டர், கூட்டத்தில் மாட்டிக்கொண்டதால் லிட்டருக்கு 10. சராசரி எவ்வளவு? "பதினைந்து" என்று உடனே சொல்லத் தோன்றும். அது தவறு! போவதற்கு 2 லிட்டர், வருவதற்கு 4 லிட்டர். மொத்தம் 80 கிலோமீட்டருக்கு 6 லிட்டர். வகுத்தால் 13 சொச்சம்தான். மைலேஜையும் மைலேஜையும் கூட்டி இரண்டால் வகுக்கக் கூடாது. கிலோமீட்டரைத் தனியாகக் கூட்ட வேண்டும்; லிட்டரைத் தனியாகக் கூட்ட வேண்டும்; கடைசியில்தான் வகுக்க வேண்டும்.

நாலணா நோட்டுப் புத்தகம்

சரியான கணக்குக்குப் பெரிய படிப்பு வேண்டாம். ஒரு சின்ன நோட்டும் பென்ஸிலும் போதும். (நாலணா நோட்டு இப்போது கிடைக்காது, பத்து ரூபாய் கொடுக்க வேண்டும்!)

முதலில் டேங்கை நிரப்ப வேண்டும். பெட்ரோல் குழாய் தானாக "டக்" என்று நிற்கும். அங்கேயே நிறுத்திவிட வேண்டும். "இன்னும் கொஞ்சம் பிடிக்கும்" என்று பையன் குலுக்கிக் குலுக்கி ஊற்றுவான், அது வேண்டாம். கிலோமீட்டர் எண்ணைக் குறிக்க வேண்டும். பிறகு வழக்கம்போல் ஓட்ட வேண்டும். அடுத்த தடவை அதே பங்கில், முடிந்தால் அதே குழாயில், மறுபடி "டக்" என்று நிற்கும்வரை நிரப்ப வேண்டும். இப்போது ஊற்றிய லிட்டர்தான் இடையில் எரிந்த பெட்ரோல்.

ஒரு தடவை செய்து நிறுத்தினால் பயன் இல்லை. மேலே பார்த்த ஒரு லிட்டர் வித்தியாசம் அப்படியே நிற்கும். பத்துத் தடவை நிரப்பி, மொத்தமாகக் கூட்டினால் அதே ஒரு லிட்டர் 200 லிட்டரில் ஒன்றாகக் கரைந்துவிடும். அப்போது வரும் எண்ணைத் தைரியமாகச் சொல்லலாம்.

பங்கில் அளவு சரியில்லை என்று சந்தேகமா? ஒவ்வொரு பங்கிலும் முத்திரை போட்ட 5 லிட்டர் அளவுக் குவளை இருக்க வேண்டும். கேட்டால் அதில் ஊற்றிக் காட்ட வேண்டும். கேட்பது வாடிக்கைக்காரரின் உரிமை. சண்டை போடத் தேவையில்லை.

மோட்டார் சைக்கிளுக்கும் இதே கணக்குத்தான்.

கூட்டம் சேர்ந்தால் கதையே வேறு

ஒரு கார்க்காரரின் பேச்சு ஆட்டம் காணும். ஆனால் ஆயிரக்கணக்கானவர்கள் நோட்டுப் போட்டு எழுதினால்? அப்போது பெரிய கம்பெனிகளே ஆட்டம் கண்டிருக்கின்றன!

அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டு எண்ணெய்ப் பஞ்சம் வந்த பிறகு, காரின் மைலேஜை அரசாங்கமே அச்சிட்டுச் சொல்ல ஆரம்பித்தது. "நீங்கள் சொல்வது எங்களுக்குக் கிடைக்கவில்லையே!" என்று ஓட்டுகிறவர்கள் முறையிட்டார்கள். அரசாங்கம் ஆராய்ந்து பார்த்தது. முறையீடு நியாயம்தான் என்று தெரிந்தது. 1985ஆம் ஆண்டுக் கார்களிலிருந்து நகர்ப்புற மைலேஜில் 10 சதவீதமும், நெடுஞ்சாலை மைலேஜில் 22 சதவீதமும் குறைத்து அச்சிட்டார்கள். 2008ஆம் ஆண்டுக் கார்களுக்குக் குளிர்சாதனம், கடுங்குளிர், அதிக வேகம் ஆகியவற்றையும் சோதனையில் சேர்த்தார்கள்.

அதோடு முடியவில்லை. ஹூண்டாய், கியா கார்களைப் பற்றி அமெரிக்காவில் புகார்கள் வந்தன. சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகா அந்தக் கார்களைத் தானே சோதித்தது. கம்பெனிகள் சொன்ன எண் அதிகம் என்று 2012ஆம் ஆண்டு நவம்பரில் வெளிப்பட்டது. 2014இல் 10 கோடி டாலர் அபராதம் கட்ட அவை ஒப்புக்கொண்டன. சம்பந்தப்பட்ட கார்கள் சுமார் 12 லட்சம்!

ஐரோப்பாவிலோ வேறு விதமான வேடிக்கை நடந்தது. ஜெர்மனியில் பல்லாயிரம் பேர் தாங்கள் போட்ட பெட்ரோல் கணக்கை ஓரிடத்தில் சேர்த்துப் பதிந்து வந்தார்கள். இன்னும் பல நாடுகளின் கணக்குகளையும் சேர்த்து ஓர் ஆராய்ச்சி நிறுவனம் வருஷா வருஷம் ஒப்பிட்டது. 2001இல், சோதனைக்கூடம் சொன்னதைவிட உண்மைச் செலவு சுமார் 9 சதவீதம் அதிகம். அது ஏறிக்கொண்டே போய் 2015இல் சுமார் 42 சதவீதம் ஆகிவிட்டது! மக்கள் திடீரென்று ஓட்டத் தெரியாதவர்கள் ஆகிவிட்டார்களா? இல்லை. பரீட்சைக்கு மட்டும் படிக்கும் மாணவனைப்போல், சோதனைக்கு ஏற்றபடி கார்களைத் தயார்செய்ய கம்பெனிகள் கற்றுக்கொண்டுவிட்டன. சாதாரண மக்களின் பெட்ரோல் நோட்டுதான் அதைக் காட்டிக்கொடுத்தது.

பிறகு ஐரோப்பிய அரசாங்கங்கள் சோதனையைக் கடுமையாக்கின. 2021 முதல் புதுக் கார்களில் உண்மையான பெட்ரோல் செலவைத் தானே பதியும் கருவியும் கட்டாயம் ஆயிற்று. சுமார் 6 லட்சம் வண்டிகளின் பதிவு 2024இல் வெளியாயிற்று. பெட்ரோல், டீசல் கார்களில் வித்தியாசம் இன்னும் சுமார் 20 சதவீதம் இருந்தது. பெட்ரோலிலும் ஓடி, மின்சாரம் ஏற்றியும் ஓடும் கார்கள்தான் எல்லோரையும் திடுக்கிட வைத்தன. சோதனை சொன்னதைப்போல் மூன்றரை மடங்கு! மின்சாரம் ஏற்றுவார்கள் என்று சோதனை நம்பியது. வாங்கியவர்கள் அவ்வளவாக ஏற்றவில்லை.

ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். நோட்டுப் போட்டு எழுதுகிறவர் பெட்ரோலைப் பற்றிக் கவலைப்படுகிறவர். நிதானமாக ஓட்டுவார், டயரில் காற்றும் பார்ப்பார். ஆகவே அவர்களுடைய கணக்கு ஊர்க் கணக்கைவிடச் சற்று நன்றாகவே இருக்கலாம். அமெரிக்காவில் ஆராய்ந்தவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். பலருடைய கணக்கின் சராசரி, அரசாங்கம் இப்போது சொல்லும் எண்ணுக்கு அருகில் வருகிறது. ஆனால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் மிகப் பெரிது. அதாவது ஊர் முழுவதும் சேர்ந்து சொல்வதை நம்பலாம். மாமா ஒருவர் மட்டும் சொல்வதை நம்பி முடிவு செய்யக் கூடாது.

திருச்சூர் வழக்கு

நம் பக்கத்து மாநிலத்திலேயே ஒரு வழக்கு நடந்தது. 2014இல் கேரளத்தில் ஒருவர் ஃபோர்ட் டீசல் கார் வாங்கினார். லிட்டருக்கு 32 கிலோமீட்டர் என்று விளம்பரம். அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ அதில் பாதி. திருச்சூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார்.

"எனக்குக் கிடைக்கவில்லை" என்று ஒருவர் சொன்னால் மட்டும் போதுமா? "உங்களுக்கு ஓட்டத் தெரியவில்லை" என்று கம்பெனி சொல்லிவிடுமே! ஆகவே நிபுணர் ஒருவர் நியமிக்கப்பட்டார். அவர் காரைச் சாலையில் ஓட்டிப் பார்த்தார். கிடைத்தது 19.6 கிலோமீட்டர். சொந்தக்காரர் சொன்னதும் முழுக்கச் சரியில்லை. கம்பெனி சொன்னதோ அதைவிட வெகுதூரம்! 2022இல் தீர்ப்பு வந்தது. செலவுத் தொகையையும் சேர்த்து 3 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய் கொடுக்கும்படி உத்தரவு.

கரும்பும் பெட்ரோலும்

2025இல் இந்தியா முழுவதும் இதே பிரச்சினை புது உருவத்தில் வந்தது. அதன் வேர் அண்ணாகிராமத்துப் பக்கத்து வயல்களிலும் இருக்கிறது என்று சொல்லலாம். கரும்பிலிருந்தும் சர்க்கரைப் பாகுக் கழிவிலிருந்தும் எத்தனால் என்னும் எரிசாராயம் எடுக்கிறார்கள். தானியத்திலிருந்தும் எடுப்பதுண்டு. அதைப் பெட்ரோலில் கலக்கிறார்கள். 2022இல் 100 லிட்டரில் 10 லிட்டர் எத்தனால் என்ற நிலையை நாடு அடைந்தது. 2025இல் அது 20 லிட்டர் ஆகிவிட்டது. வெளிநாட்டு எண்ணெய்க்குக் கொடுக்கும் பணம் மிச்சம். கரும்பு விவசாயிக்கும் வருமானம் என்பது அரசாங்கத்தின் எண்ணம்.

ஆனால் கார்க்காரர்கள் கூச்சல் போட்டார்கள். "மைலேஜ் சடாரென்று விழுந்துவிட்டது!" என்றார்கள். ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது என்றுகூடச் சிலர் சொன்னார்கள். "குறைவு மிகச் சொற்பம்" என்றது அரசாங்கம். யார் சொல்வது சரி?

எத்தனால் ஒரு லிட்டரில் இருக்கும் சூடு, பெட்ரோல் ஒரு லிட்டரில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். இதை மறுக்க முடியாது. அப்படியானால் 20 சதவீதக் கலவையில், கலப்பில்லாத பெட்ரோலைவிடச் சுமார் 7 சதவீதம் சூடு குறையும். ஆனால் மக்கள் அதற்கு முன் போட்டுக்கொண்டிருந்தது 10 சதவீதக் கலவை. அதோடு ஒப்பிட்டால் குறைவு சுமார் மூன்றரை சதவீதம். என்ஜினின் அமைப்பைப் பொறுத்து இது கூடலாம், குறையலாம். நிதி ஆயோக் 2021இல் தந்த மதிப்பீடும் ஏறத்தாழ இதே அளவில்தான் இருந்தது. பழைய வகைக் கார்களுக்கு 6 முதல் 7 சதவீதம். கலவைக்கு ஏற்றபடி அமைத்த கார்களுக்கு 1 முதல் 2 சதவீதம் என்றது அது.

17 கொடுத்த கார் மூன்றரை சதவீதம் குறைந்தால் 16.4 கொடுக்கும். டேங்கை நிரப்பும்போது ஒரு லிட்டர் கூடக் குறைய ஊற்றினாலே இதைவிடப் பெரிய வித்தியாசம் வந்துவிடுகிறதே! அப்படியிருக்க, ஒரு டேங்க் ஓட்டிப் பார்த்துவிட்டு "ஐந்தில் ஒரு பங்கு போச்சு" என்று சொன்னால் அதை எப்படி ஏற்பது? போன மாதம் நல்ல சாலை, இந்த மாதம் மழை. போன மாதம் குளிர்சாதனம் இல்லை, இந்த மாதம் உண்டு. எத்தனாலின் குற்றம் எது, மற்றவற்றின் குற்றம் எது என்று பிரிக்கவே முடியாது.

அதற்காக "ஓட்டுகிறவர்கள் கற்பனை செய்கிறார்கள்" என்று ஒதுக்குவதும் நியாயம் அல்ல. குறைவு உண்டு. அந்தக் குறைவுக்கும் சேர்த்து அவர்கள் லிட்டருக்கு முழு விலை கொடுக்கிறார்கள். மாதம் 2,000 கிலோமீட்டர் ஓட்டும் வாடகைக் காருக்கு மூன்றரை சதவீதம் என்றால் மாதம் 4 லிட்டருக்கு மேல். அது அவர் பையிலிருந்துதான் போகிறது.

2022 முதல் விடாமல் நோட்டு எழுதி வந்த ஒருவர் பண்ருட்டிப் பக்கத்தில் இருந்தால், அவர் கையில் உள்ளது சாதாரண நோட்டு அல்ல. 10 சதவீதக் கலவையில் இத்தனை லிட்டர், 20 சதவீதக் கலவையில் இத்தனை லிட்டர் என்று அதே கார், அதே சாலை, அதே ஓட்டுநர் கணக்கை அவர் எடுத்துக் காட்டலாம். அப்படி நூறு பேர் காட்டினால் எந்த அதிகாரியும் உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும்.

இன்று எழுதத் தொடங்குகிறவரின் நோட்டில் 20 சதவீதக் கலவையின் கணக்கு மட்டுமே இருக்கும். ஆனால் அதற்கு மேலும் எத்தனால் கலக்கலாமா என்ற பேச்சு 2025லேயே எழுந்துவிட்டது. அது வந்தால், முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று அந்த நோட்டில் பார்த்துக்கொள்ளலாம்.